நாச்சோவுக்குப் போட்ட பந்து

…இடது கை, அவன் இடது கை ஆட்டக்காரன், பயிற்சியாளன் லைல் ஒரு வாரமாக வாய் ஓயாமல் சொன்னான், காலையில் பல் தேய்க்கும்போதுகூடக் கண்ணாடியைப் பார்த்து எம்மெட் தானே சொல்லிக்கொண்டான், அப்படியிருந்தும் எப்படி அங்கே போட்டேன்… இந்தக் கை என்னுடையதுதானா? பக்கம் மாறும் இடைவேளை, ஒன்றரை நிமிடம், நாற்காலியில் உட்கார்ந்து, ஐஸ் சுற்றிய துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, மடியில் கிடந்த வலது கையை யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமானைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு கேமுக்கு முன்னால், கடைசி செட், ஐந்துக்கு நான்கு, மேட்ச் பாயிண்ட், சர்வீஸும் அவனுடையது. வருடா வருடம் டென்னிஸ் ஆட இந்த ஒஹாயோ வெயிலுக்கு வந்து வந்து ஒரு தடவைகூடத் தொடாத கோப்பைக்கு ஒரே ஒரு பந்துதான் பாக்கி இருந்தது. மூன்று தடவை இறுதி ஆட்டம், மூன்று தடவையும் எதிரே நாச்சோ, மூன்று தடவையும் கோப்பையைத் தூக்கியவன் அந்த சிலி நாட்டுக்காரன்தான்… இன்றைக்கு எதிரே நாச்சோ இல்லையே, இடுப்பு எலும்பு தேய்ந்து, செயற்கை இடுப்பு வைத்துக்கொண்டு, போன குளிர்காலத்தில் மட்டையைக் கீழே வைத்துவிட்டான், நிற்பது மைக்கா, வான்கூவர் பையன், இருபது வயது, என்ன பயம், எம்மெட் பந்தை மேலே போட்டான், அடித்தான், அது கட்டத்துக்குள் பட்டு எம்பி, பக்கக் கோட்டுக்கு வெளியே விலகி ஓடியது, அழகான சர்வீஸ், வலது கைக்காரன் எவனாக இருந்தாலும் உடம்புக்குக் குறுக்கே பின்கையை நீட்டித் தவித்திருப்பான். மைக்கா தவிக்கவில்லை. அவனுக்கு அது முன்கைப் பக்கம், ஊட்டிவிட்டது மாதிரி வந்து நின்ற பந்து, ஒரே வீச்சு, அது போன திசையைக்கூட எம்மெட் பார்க்கவில்லை.

"டேய் எம்மெட், அவன் இடது கைடா! இடது கை!" பயிற்சியாளர்கள் உட்காரும் மாடத்திலிருந்து லைல் கத்தினான், அரங்கமே சிரித்தது, முன்வரிசையில் தொப்பி போட்ட ஒரு பெரியவர் தன் இடது கையைத் தூக்கி ஆட்டிக் காட்டினார்… சிரிக்கட்டும், நானே பார்வையாளனாக இருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் அதற்குப் பிறகு உடம்புக்குள் எதுவோ நின்றுபோனது, அந்த கேம் போனது, அடுத்ததும் போனது, இப்போது ஐந்துக்கு ஆறு, இனிப் போடப் போகும் சர்வீஸை விட்டால் எல்லாம் முடிந்தது. தசைப்பிடிப்புக்காக வைத்திருந்த வெள்ளரி ஊறுகாய்த் தண்ணீரை ஒரு மடக்குக் குடித்தான், புளிப்பு மூக்கில் ஏறியது, தும்மல் வரும்போல இருந்தது, வரவில்லை. தும்மலும் வராத உடம்பு. சாலைக்கு அந்தப் பக்கம் ராட்சத ராட்டினத்திலிருந்து ஜனங்கள் சேர்ந்தாற்போல் அலறுவது கேட்டது, என்னைப் பார்த்துத்தான் அலறுகிறார்களோ…

காலையில்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாம் சரியாகத்தானே இருந்தது. முட்டையும் ஓட்ஸும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நாச்சோ கேட்காமலே எதிரே வந்து உட்கார்ந்தான், இப்போது மைக்காவின் பயிற்சியாளன் அவன், கழுத்தில் அட்டை எல்லாம் தொங்கியது. "என்ன கிழவா, முட்டி இருக்கா, கழண்டு விழுந்திருச்சா?" "என் முட்டிய விடு, உன் பழைய இடுப்ப எந்தக் குப்பைத்தொட்டில போட்ட?" "டாக்டர் வச்சுக்கிட்டாருடா. எம்மெட்டை ஜெயிச்ச இடுப்புன்னு எழுதி கண்ணாடிக்குள்ள வைக்கப் போறாராம்." சிரித்தார்கள். பதினைந்து வருடம் இப்படிச் சிரித்ததே இல்லை, ஒரே அறையில் உடை மாற்றிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் போயிருக்கிறார்கள், முதலிடம் இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு என்று மாறிக்கொண்டே இருந்த காலத்தில் எப்படிப் பேச்சு வரும்? அப்போது மைக்கா தட்டோடு வந்து நின்று, "சார், தப்பா எடுத்துக்காதீங்க, சின்ன வயசுல என் ரூம் சுவத்துல உங்க படம்தான்," என்றான், நெஞ்சு கொஞ்சம் குளிர்ந்தது, "உங்க படம்னா… நீங்க ரெண்டு பேரும் வலை மேல கை குலுக்குற படம்." நாச்சோ மேசையைத் தட்டிச் சிரித்தான், "பாத்தியா, நீ வெறும் பாதி சுவருதான்!" அந்தப் படத்தில் ஜெயித்தது யார் என்று கேட்டிருக்க வேண்டும்… கேட்கவில்லை. பத்திரிகைக்காரர்கள் இப்போது மைக்காவையும் ஒரு போலந்துப் பையனையும் சேர்த்துத்தான் எழுதுகிறார்கள், புது ஜோடி, புதுப் பகை, எம்மெட்டின் பெயருக்குப் பக்கத்தில் எழுதப் பெயரே இல்லை, தனியாக நிற்கிறது, அது வயதானதனால்தான் என்று நினைத்திருந்தான்.

சரி, அந்தப் பந்து யாருக்குப் போட்டது? மைக்காவுக்கு இல்லை, அது தெரிகிறது. நெருக்கடி வந்தால் அந்தப் பக்கத்திலிருந்து அந்த சர்வீஸ், வலது கைக்காரன் நாச்சோவின் பின்கைக்கு, உயரமாக, அவன் தோளுக்கு மேல்… மெல்போர்னில் போட்டது, பாரிஸில் போட்டது, இதே மைதானத்தில் போட்டுப் போட்டுத் தோற்றது. மண்டையில் மைக்கா இருந்தான், கைக்குள் நாச்சோ இருந்திருக்கிறான். அவன் விலகியதிலிருந்து எட்டு மாதமாக வேறு எத்தனை பேரோடு ஆடியாயிற்று, எல்லாரும் வலது கை, அதனால் எவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை… அப்படியென்றால் இந்த எட்டு மாதமும் நான் யாரோடு ஆடினேன்?

தலையைத் தூக்கி எதிர் மாடத்தைப் பார்த்தான். நாச்சோ சிரிக்கவில்லை. அப்போதும் சிரிக்கவில்லை, இது இப்போதுதான் ஞாபகம் வந்தது, அந்தப் பந்து எம்பியபோது கண்ணோரத்தில் ஒன்று தட்டுப்பட்டதே, எல்லாரும் உட்கார்ந்திருக்க ஒருவன் மட்டும் பாதி எழுந்து, வலது தோளை முன்னால் திருப்பி, இரண்டு கைகளையும் இடது இடுப்போரம் ஒன்றாகச் சேர்த்து… தண்ணீர் பாட்டிலை மட்டைபோலப் பிடித்துக்கொண்டு. அவனும் அந்தப் பந்தை எடுக்கப் போனான். தன் பையன் ஜெயிக்கிறானா என்று பார்க்க வேண்டியவன், அந்த நொடியில் தன் பின்கையைத் தயார் செய்தான். எவருக்கும் தெரியாது, அந்தப் பந்து எங்கே போகிறது என்று இந்த அரங்கத்தில் முன்கூட்டித் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அதில் ஒருவன் எனக்கு எதிராக உட்கார்ந்திருக்கிறான். இப்போது நாச்சோவும் பார்த்தான், உதட்டைக் கடித்துக்கொண்டு, பிடிபட்டவன் முகம், பயந்த முகமும்தான், சட்டென்று பாட்டிலைக் காலுக்குக் கீழே வைத்துவிட்டான்.

"டைம்," என்றார் நடுவர், இடைவேளை முடிந்தது. எம்மெட் எழுந்தான், முட்டி இருந்தது, கழண்டு விழவில்லை. லைல் விரலால் மார்பைத் தட்டித் தட்டி இடது, இடது என்று காட்டினான், தெரியும்டா, தெரியும். எதிர்க் கோட்டில் மைக்கா குனிந்து நின்றான், மட்டை இடது கையில், சந்தேகமே இல்லாமல் இடது கையில், நல்ல பையன், இவனை ஜெயிக்க எனக்கு ஆசை இருக்கிறதா… கோப்பை வேண்டும், அது வேண்டும், ஆனால் அதை இவனிடமிருந்தா வாங்குவது? பந்தைத் தரையில் தட்டினான், இன்னொரு தடவை தட்டினான், மேலே போட்டான், வெயிலில் அது சின்னதாகிக்கொண்டே போனது, பந்தை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது, ஆறு வயதில் கற்ற முதல் பாடம், எடுக்கவும் இல்லை, ஆனாலும் பந்து அந்தரத்தில் நின்ற அந்தக் கணத்தில் எம்மெட்டுக்குப் பார்க்க வேண்டும்போல இருந்தது அந்த மாடத்தை மட்டும்தான், அங்கே நாச்சோவின் அந்த இரண்டு கைகளும் மறுபடி சேர்கின்றனவா என்று…