ஹவ்ரான் கோட்டையின் மூன்றாவது வளைவு

என் கணவன் போர்ஷெக்குக்கு இரண்டு மனைவிகள். மூத்தவள் ஹவ்ரான் கோட்டை, வயது எழுநூறு. இளையவள் நான். அவன் கோட்டைக் காப்பாளன் என்பதால் எங்கள் குடித்தனமும் மலை உச்சியில் அதற்குள்ளேயேதான். குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் உறையும், கூடவே நாங்களும் உறைவோம்.

கோடையில் கோட்டையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களிடம் அவன் பேசுவதைக் கேட்க வேண்டுமே! எங்கே பாறை முடிகிறது, எங்கே சுவர் தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்வான். வாசல் பாதை மூன்று இடத்தில் மடங்குவதைக் காட்டுவான். கதவை இடிக்க நீள மரம் தூக்கி வருகிறவன் அங்கே திரும்ப முடியாது. "இந்த வழியா அனுமதி இல்லாம இதுவரைக்கும் ஒருத்தரும் உள்ள வந்ததில்ல" என்று முடிப்பான். எத்தனை தரம் கேட்டிருப்பேன்!

ஒரு பிப்ரவரியில், குறித்த நாளுக்கு முன்பே எனக்குப் பிரசவ வலி எடுத்தது. ஆம்புலன்ஸ் பனியில் சிக்கி மலையடியில் நின்றுவிட்டது. மருத்துவச்சி ஹெட்விகாவும் இரண்டு ஆட்களும் ஸ்ட்ரெச்சரோடு ஏறி வந்து என்னைத் தூக்கினார்கள். முதல் வளைவைத் தாண்டினோம். இரண்டாவதில் சுவரில் இடித்தது.

"ஐயோ, பாத்து! கல்லுல கீறல் விழுந்துடும்!" என்று போர்ஷெக் அலறினான்.

"உன் சுவத்துக்கு வலிக்குதா? எனக்கு அதைவிடக் கொஞ்சம் கூடவே வலிக்குது!"

மூன்றாவது வளைவில் ஸ்ட்ரெச்சர் திரும்பவே இல்லை. கட்டியவனை வாயார வைதேன்.

ஹெட்விகா என்னைப் பார்த்தாள். "கீழ போக இனி நேரமில்லம்மா. குழந்தை வருது. இங்கயே பாத்துக்கலாம்."

வளைவின் உட்புறத்தில் காவலனுக்காகக் குடைந்த சிறிய அறைக்குள் என்னைக் கொண்டுபோனார்கள். முதுகு சாயக் கல் இருக்கை, எதிரே பாதம் ஊன்ற ஒரு மேடை. வெளியே காற்று ஊளையிட்டது, உள்ளே என் தலைமுடிகூட அசையவில்லை. எதிரிக்காக மடக்கிய பாதை காற்றையும் மறித்துவிட்டிருந்தது. பெயர் தெரியாத ஒரு காவலனின் முதுகுக்கும் காலுக்கும் இவ்வளவு யோசித்தவன் எப்பேர்ப்பட்ட மனிதன்! அந்த மேடையில் காலை ஊன்றித்தான் ப்ளாங்காவைப் பெற்றேன். போர்ஷெக் சுவரை மறந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதான்.

இப்போது அவளுக்கு ஆறு வயது. போன கோடையில் அந்த வளைவில் நின்று அவன் வழக்கம்போல முடித்தான்: "...அனுமதி இல்லாம இதுவரைக்கும் ஒருத்தரும் உள்ள வந்ததில்ல."

கூட்டத்தின் முன்னால் ப்ளாங்கா கையைத் தூக்கினாள்.

"நான் வந்தேனே, அப்பா. யாரைக் கேட்டேன்?"