மூன்றாவது குழாய்

சுலோச்சனா சித்தூரை அடுத்த குடிபாலாக்காரி. திருப்பதியில் ஒரு தனியார் கல்லூரியில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஹோமியோபதி மருந்துகளுக்கு ஆன்டிஆக்ஸிடென்ட் குணம் உண்டா என்பதுதான் அவளுக்குக் கொடுத்திருந்த கேள்வி. சோதனை எளிது. ஊதா நிறக் கரைசலில் மருந்தை விட வேண்டும். குணம் இருந்தால் ஊதா வெளுத்து மஞ்சளாகும்.

மூலிகையை ஊறவைத்து எடுத்த சாறு முதல் குழாயை நன்றாகவே மஞ்சளாக்கியது. அதே சாற்றை ஆல்கஹாலில் திரும்பத் திரும்ப நீர்க்கச் செய்து மருந்தாக விற்பதை இரண்டாவது குழாயில் விட்டாள். ஊதா கொஞ்சம் வெளிறியது, அவ்வளவுதான். அந்த வெளிறலும் மருந்தால்தானா என்று அவளுக்குச் சந்தேகம். மூன்றாவது குழாயில் வெறும் ஆல்கஹாலை விட்டுப் பார்த்தாள். அதுவும் அதே அளவு வெளிறியது.

அவளுடைய வழிகாட்டி, பேராசிரியர் நாகேந்திரன், மோசமான மனிதர் இல்லை. தன் மனைவியின் மூட்டுவலி இந்த மருந்தில்தான் போனது என்று மனதார நம்பியவர். கருத்தரங்கில் அவள் காட்ட வேண்டிய படங்களை அவரே திருத்தி அனுப்பினார். அதில் மூன்றாவது குழாய் இல்லை. கேட்டதற்கு, அது உன் கைப்பிசகு என்றார். பட்டம் வேண்டுமென்றால் தன் கையெழுத்தும் வேண்டும் என்பதை நினைவுபடுத்தினார்.

ஊருக்குப் போய் அப்பா முனுசாமியிடம் சொன்னாள். அவர் பயந்துபோனார்.

"சாரு சொல்றத கேட்டுக்கினு போயிடு கண்ணு. இத்தினி வருசம் படிச்சது வீணாப் பூடும்."

"போனா போவட்டும் நைனா. கண்ணால பாத்தத இல்லன்னு சொல்ல மாட்டேன்."

மறுநாள் காலையில் அவரே அவளைப் பைக்கில் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டார்.

கருத்தரங்கில் அவள் சாரின் படங்களைக் காட்டவே இல்லை. வேறு கல்லூரியிலிருந்து வந்திருந்த பேராசிரியை இந்திராணியைக் கூப்பிட்டு, ஒரு குழாயில் மருந்தும் இன்னொன்றில் வெறும் ஆல்கஹாலும் விடச் சொன்னாள். எது எதில் என்பது அந்த அம்மாளுக்கு மட்டுமே தெரியும். டீ குடித்துவிட்டு எல்லோரும் திரும்பி வந்தபோது இரண்டும் ஒரே வெளிறலாக இருந்தன.

"சார், இதுல மருந்து எது? நீங்களே சொல்லுங்க," என்றாள் சுலோச்சனா.

நாகேந்திரன் குழாய்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒன்றைக் காட்ட விரல் எழுந்தது, பின் இறங்கிவிட்டது. குழாய்களை மேசைமேல் வைத்துவிட்டு அரங்கைவிட்டு வெளியேறினார்.

மறுநாளே வேறு வழிகாட்டியைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார். இந்திராணி அவளைச் சேர்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். ஆனால் முதல் வருடத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும் என்றார். சுலோச்சனா அங்கேயே சரி என்றாள். ஆராய்ச்சித் தலைப்பை மட்டும் மாற்றமாட்டேன் என்றும் சொன்னாள்.