நைனா கொண்டுவந்த வெல்லம்

நர்மதா ஒரு கையால் நைனாவின் மூக்கில் ஆக்சிஜன் மாஸ்க்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவர் முதுகைத் தடவினாள். அவள் அப்பா சடையப்பனுக்கு மூச்சுக்கு மூச்சு தோள் ஏறி இறங்கியது. கால்மாட்டில் அம்மா கங்கம்மா உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் கைவிரித்து அனுப்பி மூன்று நாளாகிறது. நுரையீரலுக்குள் கடுகைவிடச் சின்னதாய்க் கோடிக்கணக்கில் காற்றுப் பைகள் இருக்குமாம். கும்மிடிப்பூண்டியில் மணல் அச்சில் இரும்பு வார்க்கும் ஃபவுண்டரியில் இருபது வருடம் மணல் தூசியைச் சுவாசித்ததில் அவை தழும்பேறி இறுகிவிட்டனவாம்.

கூட வேலை செய்த சுப்பிரமணி பார்க்க வந்திருந்தார். ஆற்றாமை அவருக்கு.

"டூட்டி முடிஞ்சா டெய்லி ஒரு வெல்லக்கட்டி குடுப்பாங்கம்மா. துன்னா தூசியெல்லாம் இஸ்துக்குனு பூடும். நான் ஒருநாளும் வுட்டதில்ல, பாரு, கல்லு மாதிரி கீறேன். இவுரு இன்னா பண்ணாரு? பேப்பர்ல மடிச்சி பாக்கெட்ல போட்டுக்குனு பூடுவாரு."

அந்தப் பேப்பரைப் பிரித்தவளே நர்மதாதான். சைக்கிள் மணி கேட்டதும் வாசலுக்கு ஓடி, நைனாவின் சட்டைப் பையில் கைவிட்டு, எத்தனை வருடம் தின்றிருப்பாள்! அது மருந்தென்று யார் சொன்னார்கள்?

"மாமா, இத்த கொஞ்சம் புடிச்சிக்கோ" என்று சுப்பிரமணியிடம் மாஸ்க்கைக் கொடுத்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் கடைக்கு ஓடினாள். வெல்லத்தைத் தட்டி, வெந்நீரில் கரைத்து, ஸ்பூனோடு வந்தாள்.

"நைனா, ஒரே ஒரு வாய். குடி நைனா."

சடையப்பன் மாஸ்க்கை விலக்கி ஸ்பூனைப் பார்த்தார். விரலால் அதை அவள் பக்கமே தள்ளினார்.

"நீ... துன்னு."

இரண்டு முறை தோள் ஏறியது. அப்புறம் ஏறவில்லை.

அடுத்த தெரு நர்ஸ் கிறிஸ்டினா வந்து நாடி பார்த்துவிட்டு ஆக்சிஜன் மெஷினை நிறுத்தினாள். நர்மதா அவளை அடுப்படிக்கு இழுத்துப் போய், வெல்லக் கதையைக் கொட்டினாள்.

"அவுரே துன்னிருந்தா பொழைச்சிருப்பாராக்கா? உண்மைய சொல்லு."

"பைத்தியமே! துன்றது வயித்துக்குப் போவுது. மணலு போனது மூச்சுப் பையில. வண்டி வண்டியா வெல்லம் துன்னாலும் ஒரு தூசி கரையாது. உம்மேல இன்னாடி தப்பு?"

அப்போதுதான் நர்மதாவுக்கு அழுகை வந்தது. சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள்.

வெளியே பந்தலுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்த சுப்பிரமணி இருமினார். கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு நின்று, மறுபடியும் வெகுநேரம் இருமினார்.

நர்மதாவின் அழுகை பாதியில் நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்று கை காட்டிவிட்டு, அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பேப்பர் மடிப்பை எடுத்துப் பிரித்து, வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டார்.