நங்கூரம் பிடிக்கும் இடங்கள்

பாய்மரப் படகுச் சங்கத்தின் கையேடு அச்சாகிப் பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. நகரத்தைச் சுற்றி எங்கெங்கே நங்கூரம் போடலாம், எங்கே ஆழம் எவ்வளவு, அடியில் சேறா மணலா என்றெல்லாம் அதில் இருக்கும். ஆனால் கடலுக்குக் கையேடு படிக்கிற வழக்கம் இல்லை. மணல் இடம் மாறியிருந்தது. அதை நம்பி நங்கூரம் போட்ட இரண்டு படகுகள் அந்த ஒரே வருஷத்தில் பாறையில் ஏறிவிட்டன.

யாராவது ஒருவர் அதிலிருந்த ஒன்பது இடங்களுக்கும் போய்ப் பார்த்து வர வேண்டும் என்று கூட்டத்தில் முடிவானது. ஒருவருக்கு மகள் கல்யாணம், இன்னொருவருக்கு முதுகுவலி. கடைசியில் எல்லோருடைய பார்வையும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரர் மேல் வந்து நின்றது.

"உங்களுக்கென்ன, தனி ஆள்தானே" என்றார் தலைவர்.

இந்த வாக்கியம் அவருக்குப் பழக்கமானது. ஆஸ்பத்திரியில் யாருக்காவது துணைக்கு இருக்க வேண்டுமென்றாலும், விடுமுறை நாளில் கடை திறக்க வேண்டுமென்றாலும் இதைத்தான் சொல்வார்கள். இரண்டு தங்கைகளுக்கும் ஒரு வழி பண்ணிவிட்டு நிமிர்ந்தபோது அவருக்கு நாற்பத்தாறு வயது. பெண் பார்ப்பதைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் முப்பத்து நான்கு வருஷம், ஒரு சாண் தூரத்தில் அடுத்தவர் கண்களைப் பார்த்தே காலம் போயிற்று. கூட்டாளிகளிடம் கடையைக் கொடுத்துவிட்டு இருபத்தாறு அடி நீளத்தில் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கினார். இரண்டு பேர் நின்றால் ஒருவர் உட்கார வேண்டிய அறை, ஒற்றை அடுப்பு, ஒரு படுக்கை. அவருக்கு அது போதும்.

வேலை இதுதான்: ஓர் இடத்துக்குப் போய், அடியில் குழிந்த ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். குழியில் அழுத்திய சோப்பில் அடிமண் ஒட்டிக்கொண்டு வரும். பிறகு நங்கூரத்தைப் போட்டு, ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு சங்கிலி விட்டு, எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டி, பிடிக்கிறதா இழுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஞாயிறு தவிர தினமும் ஓர் இடம் பார்த்து, மாலை ஐந்து மணிக்குச் சங்க அலுவலகத்துக்குப் போன் செய்து சொல்ல வேண்டும். அங்கே எழுதிக்கொள்கிற அம்மாவை அவர் பார்த்ததில்லை. கூட்டங்கள் ஞாயிற்றுக்கிழமை, அந்த அம்மாவுக்கு அன்று விடுமுறை.

முதல் நாள், "ஆழம் நாலு மீட்டர், அடியில சேறு" என்றார்.

"நாலு மீட்டரா? சரி, ஆழம் தெரிஞ்சாச்சு. இனிமே எல்லாரும் காலை விடலாம்" என்றது மறுமுனை.

சிரித்து முடித்தபோது போன் வைக்கப்பட்டிருந்தது. தன் சிரிப்புச் சத்தம் அந்தச் சின்ன அறையில் அவருக்கே புதிதாகக் கேட்டது.

இரண்டாம் நாள் அடிமண்ணோடு ஒரு சோழி வந்தது என்றார். மூன்றாம் நாள், "சாப்டீங்களா?" என்று அந்த அம்மா கேட்டார். கடமைக்குக் கேட்டதாகவே இருக்கட்டும். அவர் பதில் சொல்ல இரண்டு நிமிஷம் எடுத்துக்கொண்டார். நான்காம் நாள் மூன்று மணியிலிருந்தே, இன்றைக்கு என்ன சொல்லலாம் என்று யோசிக்க ஆரம்பித்திருந்தார்.

அன்றைய இடம் பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த வளைகுடா. 'மணல், நன்றாகப் பிடிக்கும்' என்றது பழைய கையேடு. நங்கூரமும் முதலில் பிடித்தது. ஐந்து மணிக்குப் போனில் பேசிக்கொண்டிருந்தபோது காற்று திரும்பி வலுத்தது. கரையிலிருந்த ஆஸ்பத்திரியின் தண்ணீர்த் தொட்டி ஜன்னலில் மெல்ல நகர்ந்தது. தொட்டி நகராது, படகுதான் நகர்கிறது.

"ஐயையோ, இழுபடுது!" என்று போனைப் படுக்கையில் வீசிவிட்டு மேலே ஓடினார்.

மணல் ஒரு விரற்கடை கனம்தான், அதற்கடியில் வழவழவென்று பாறை. பின்னால் இருபது மீட்டரில் தடுப்புச்சுவரின் கற்கள். எஞ்சின் மூன்றாவது தடவைதான் உயிர் பெற்றது. சுக்கானை விட்டு முன்னால் ஓடிச் சங்கிலியை இழுப்பதும், படகு திரும்பியதும் மறுபடி சுக்கானுக்கு ஓடுவதுமாக இருந்தார். இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலை. சங்கிலி ஒருமுறை நழுவி உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு போனது. கற்களை விட்டு விலகி, முதல் நாள் பார்த்த சேற்றுக்குப் போய் நங்கூரம் பிடித்தபோது ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

கையில் துணியைச் சுற்றிக்கொண்டு போனை எடுத்துப் பார்த்தார். பதினான்கு தவறிய அழைப்புகள். எல்லாம் ஒரே எண். அவர் எண்ணைத் தேடி ஒரே நாளில் இத்தனை தடவை யாரும் அழைத்ததில்லை.

"உயிரோட இருக்கீங்களா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார் அந்த அம்மா. "கரையோரக் காவலுக்குப் போன் போடறதா, யாருக்குப் போடறதுன்னு தெரியாம நின்னுட்டிருக்கேன். உங்க படிவத்துல 'அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர்'னு இருக்கிற இடம் வெறுமையா இருக்கு!"

"மன்னிச்சுக்குங்க. கையில கொஞ்சம் அடி, அவ்வளவுதான்."

"மருந்து போடுங்க முதல்ல." மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. "வெள்ளிக்கிழமையோட நான் வேலையை விடறேன். பையன் கூட்டிட்டுப் போறான். உங்க ஒம்பது இடத்தையும் நானே முடிச்சுக் குடுத்துட்டுப் போகலாம்னு பார்த்தேன். இப்ப கை வேற இப்படி. அவசரப்படாதீங்க, அடுத்தவங்க எழுதிக்குவாங்க."

அவர் அவசரப்பட்டார். மிச்சமிருந்த ஐந்து இடங்களையும் ஒற்றைக் கையால் மூன்றே நாளில் முடித்தார். வெள்ளிக்கிழமை மதியம் நோட்டுப் புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு சங்கத்தின் மாடிப்படி ஏறினார். போனிலேயே சொல்லியிருக்கலாம்தான்.

குரலை வைத்து உயரமாக நினைத்திருந்தார். அந்த அம்மா அவர் தோளுக்குக்கூட வரவில்லை. மேஜை காலி. ஒரு அட்டைப்பெட்டியில் தண்ணீர் பாட்டிலும் ஒரு சின்னத் தொட்டிச் செடியும் இருந்தன.

"நீங்கதானா?" என்று நிமிர்ந்தபோது கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது. விரலால் ஏற்றினார், மறுபடி இறங்கியது.

"குடுங்க" என்றார் கண்ணாடிக்காரர். சாவிக்கொத்தில் தொங்கிய குட்டித் திருப்புளியால் திருகை முறுக்கினார். காதருகே வளைவைச் சரிசெய்து தானே மாட்டிவிட்டார். அந்த அம்மா கண்ணை இமைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"ரொம்ப நாளா இப்படியே ஓட்டிட்டேன்." பிறகு அவர் நீட்டிய நோட்டைப் புரட்டினார். "பதினோரு வருஷமா இந்த இடங்களோட பேரெல்லாம் டைப் பண்றேன். ஒண்ணையும் கண்ணால பார்த்ததில்லை."

"இப்ப வந்தா காட்டலாம். படகு கீழேதான் நிக்குது. அரை மணி நேரம்..."

கீழே கார் ஹாரன் அடித்தது. அந்த அம்மா ஜன்னலைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"இன்னொரு தடவை" என்றார். இருவரும் தலையாட்டினார்கள். "சரி, இதுல எது நல்ல இடம்?"

"ஒம்பதாவது. மணல்திட்டுக்குப் பின்னாடி. எந்தப் பக்கம் காத்தடிச்சாலும் தண்ணி அசையாது. களிமண்ணு, நங்கூரம் போட்டா எடுக்கிறதுதான் கஷ்டம்."

"இங்க 'பரவாயில்லை'ன்னு எழுதியிருக்கீங்களே?"

அவர் பிடரியைச் சொறிந்தார். "நல்லதுன்னு எழுதினா எல்லாரும் வந்துருவாங்களேன்னு..."

"வரட்டுமே! வந்தா என்ன, கடிச்சா தின்னுடுவாங்க?" என்று பேனாவை எடுத்து 'பரவாயில்லை'யை அடித்து, 'மிக நல்லது' என்று எழுதினார். அட்டைப்பெட்டியைக் காருக்குத் தூக்கிக்கொண்டு போனது கண்ணாடிக்காரர்தான். மகன் நன்றி சொல்லிக் கதவைச் சாத்தினான்.

அதன்பிறகு ஐந்து மணிக்கு யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த எண் சங்கத்தின் எண். ஒரு தடவை அழைத்தார்; வேறு யாரோ, "என்ன விஷயம் சார்?" என்று கேட்டார்கள். "ஒண்ணுமில்ல" என்று வைத்துவிட்டார். பல நாள் மணல்திட்டுக்குப் பின்னால் நங்கூரம் போட்டுக் கிடந்தார். காலையில் நாரைகள் வந்தன. மழை ஒரு வாரம் பெய்தது. சில நாட்களில், வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பது படுக்கப்போகும்போதுதான் நினைவுக்கு வரும்.

புதிய கையேடு அச்சாகி வந்து மூன்றாவது வாரம், ஒரு மத்தியானம், வெள்ளைப் படகு ஒன்று தயங்கித் தயங்கி உள்ளே வந்தது. ஒரு கணவனும் மனைவியும். மனைவி கையேட்டைப் பிரித்துப் படிக்க, கணவன் தப்பான பக்கம் திரும்பிக்கொண்டிருந்தான்.

கண்ணாடிக்காரர் எழுந்து கைகளைக் குவித்துக் கத்தினார். "அந்தப் பக்கம் மேடு! இடதுபக்கம் வாங்க! இன்னும்... இன்னும்... அங்க போடுங்க!"

நங்கூரம் இறங்கியது. படகு ஒரு குலுங்கு குலுங்கி நின்றது.

"ரொம்ப நன்றிண்ணே!" என்றான் கணவன்.

"டீ போடப்போறோம், வர்றீங்களா?" என்றாள் மனைவி.

"இல்லம்மா, பரவாயில்ல" என்றார், நாக்குக்குப் பழகிப்போன பதில். அவர்கள் உள்ளே போய்விட்டார்கள். பாத்திரச் சத்தமும், எதற்கோ இருவரும் சிரிப்பதும் தண்ணீர் மேல் தெளிவாகக் கேட்டன. அவரும் உள்ளே இறங்கித் தன் அடுப்பைப் பார்த்தார். தண்ணீர் கொதிக்கிற நேரம் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து மேலே வந்தார்.

"எனக்குச் சர்க்கரை வேண்டாம்!" என்று கத்தினார். காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் இரண்டு தடவை கத்த வேண்டியிருந்தது.

உள்ளேயிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்து, சரி என்று கையசைத்தது. அவர் குனிந்து, பின்னால் கட்டியிருந்த சின்னத் துடுப்புப் படகின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.