கேட் பாஸ் இல்லாத நாவல்

அந்த அடுக்ககத்துக்குள் நுழைய வேலைக்காரர்களுக்கு ஆறு இலக்க எண் ஒன்று போதும். வெளியே வருவதுதான் பாடு. பையில் ஏதாவது பொருள் இருந்தால், அதைக் கொடுத்த வீட்டுக்காரர் தன் போனில் 'சரி' என்று தட்ட வேண்டும். தட்டாவிட்டால் ஒரு வாழைப்பழம்கூட கேட்டைத் தாண்டாது.

டீனாவின் அம்மா டோரீன் அங்கே மூன்று வீடுகளில் சமைத்தாள். ஒரு வீட்டுக்காரர் புகார் தட்டினால் எண் முடங்கும். எண் முடங்கினால் மூன்று வீடும் போகும். இது டீனாவுக்கு, அவள் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஆங்கில இலக்கியத்தைவிட நன்றாகத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டோரீனுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. மாற்று ஆள் என்று அதே எண்ணில், வீடு இருக்கும் ஈஜிபுராவிலிருந்து டீனா வந்தாள். ஒன்பதாவது மாடி பாமா மேடம் வீட்டில் வாசகர் வட்டம், பதினோரு பேருக்கு சாண்ட்விச். அந்த மாதப் புத்தகம், அடிமைப் பெண் ஒருத்தி விடுதலை தேடிப் போகும் நாவல். பதின்வயதினருக்காக எழுதியது. வட்டத்திலேயே இளையவருக்கு வயது நாற்பத்தாறு. வந்ததும் எல்லாரும் போனைப் பிரம்புக் கூடையில் போட்டுவிட வேண்டும், கூட்டம் முடியும்வரை தொடக்கூடாது. அதுவும் ஒரு விடுதலை என்பது மேடத்தின் கருத்து.

தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தவளை மேடம் கூப்பிட்டார். "டீனா, நீ லிட்ரேச்சர்தானே? இந்த சாப்டரை நீ படி. உன் வாய்ஸ்ல ஒரு பெயின் இருக்கு."

டீனாவின் குரலில் இருந்தது ஜலதோஷம். கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள். பண்ணையை விட்டு அடிமை வெளியே கால் வைக்க எஜமானின் சீட்டு வேண்டும். திருட்டுத்தனமாக எழுதப் பழகிய பதினாறு வயதுப் பெண், எஜமானியின் கையெழுத்தைத் தானே போட்டு, சீட்டைக் காவல்காரனிடம் நீட்டிவிட்டு நடக்கிறாள்.

கைதட்டினார்கள். தேசிகன் சார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "அந்தக் கையெழுத்துதான் ரெவல்யூஷன்" என்றார். மேடம் நெஞ்சில் கை வைத்து, "என்ன கரேஜ்" என்றார்.

சாண்ட்விச் பரிமாறி முடித்து டீனா கிளம்பியபோது மேடம் புத்தகத்தை அவள் கையில் திணித்தார். "இன்னும் முப்பது பக்கம்தானே, வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படி." பிறகு விவாதத்துக்குத் திரும்பிவிட்டார்.

கேட்டில் காவலர் ரெமிஜியஸ் இருந்தார். டோரீன் போகும் அதே சர்ச்சுக்காரர், ஞாயிற்றுக்கிழமை டியூட்டியால் பூசைக்கே போகாதவர்.

"புக்குக்கு அப்ரூவல் வரலையே பாப்பா."

"மேடமே குடுத்தாங்க அங்கிள்."

"நான் இல்லேன்னா சொன்னேன்? போன்ல தட்டலையே." அழைத்துப் பார்த்தார். மணி அடித்து ஓய்ந்தது.

"போன் கூடைக்குள்ள இருக்கு. நான் மேல போய்ச் சொல்லிட்டு வரேன்."

"நீ வெளிய போயாச்சுன்னு பஞ்ச் பண்ணிட்டேன். திரும்ப உள்ள போகணும்னா மேடம் போன்ல ஓகே குடுக்கணும்."

டீனா அவரையே பார்த்தாள்.

"என்னை ஏன் மொறைக்கிற? நானா கண்டுபிடிச்சேன்? புக்கை வெச்சுட்டுப் போ. போன மாசம் ஒருத்தி குக்கர் மூடியை வெச்சுட்டுப் போனா, அதோ இருக்கு பாரு." கொஞ்சம் தயங்கினார். "பேப்பர் சீட்டும் இருக்கு. ஓனர் கையெழுத்து வேணும்."

சீட்டு ஒன்றைக் கிழித்து மேசையில் வைத்தார். அதன்மேல் பேனாவை வைத்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து டீ குடித்தார். பேப்பர் கப் டீயை அவ்வளவு நேரம் குடித்த மனிதரை டீனா அதுவரை கண்டதில்லை.

மேடத்தின் கையெழுத்தை அம்மா கொண்டுவரும் சாமான் பட்டியல்களில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். போட்டாள்.

திங்கட்கிழமை காலை டோரீன் வீங்கிய காலோடு வந்து எண்ணைத் தட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. முந்தைய மாலை சீட்டைப் பதிவு செய்ததும், கூடையிலிருந்து வெளியே வந்த மேடத்தின் போன், 'இது உங்கள் கையெழுத்தா?' என்று கேட்டிருந்தது. மேடம் பொய் சொல்லாதவர். 'இல்லை' என்று தட்டியிருந்தார்.

டீனா அவருக்குப் போன் செய்தாள். "நீங்கதானே மேடம் புக்கைக் குடுத்தீங்க?"

"புக்கா விஷயம்? ஃபோர்ஜரி டீனா. எனக்கு எவ்வளவு ஹர்ட் ஆச்சு தெரியுமா?"

"அந்தக் கதையில அவளும் அதைத்தானே மேடம்..."

"அது கதைம்மா. அவங்கெல்லாம் அடிமைங்க. உங்க மம்மியை நாங்க ஃபேமிலி மெம்பர் மாதிரி வெச்சிருக்கோம்."

ரெமிஜியஸ் விசாரணையில், தான் டீ குடித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். உண்மைதான். வெள்ளிக்கிழமைக்குள் மற்ற இரண்டு வீடுகளும் வேறு ஆள் வைத்துக்கொண்டன. அன்று மாலை மேடத்திடமிருந்து செய்தி வந்தது: 'உன்னை மன்னிச்சுட்டேன். மம்மி நம்பரைத் திரும்பத் திறக்க அசோசியேஷனுக்கு என் பேர்ல லெட்டர் வேணுமாம். ஏர்போர்ட்ல இருக்கேன். நீயே நல்ல இங்கிலீஷ்ல எழுதி, என் சைனையும் போட்டுக் குடுத்துடு. புக்கையும் கேட்ல குடுத்துடு.'

டீனா எழுதினாள். கையெழுத்து இந்த முறை இன்னும் நன்றாக வந்தது. அலுவலகத்தில் அதைப் படிக்காமலே கோப்பில் சேர்த்தார்கள். விளக்கு பச்சையானது, ஒரு வீட்டுக்கு.

சனிக்கிழமை அம்மாவோடு கேட்டுக்கு நடந்தாள். உள்ளே போகும் பொருளுக்கு யாரும் 'சரி' தட்ட வேண்டியதில்லை. ரெமிஜியஸ் நாவலை வாங்கிக் குக்கர் மூடியின்மேல் வைத்தார்.

"அந்தப் பொண்ணு தப்பிச்சாளா?" என்று டோரீன் கேட்டாள்.

"தப்பிச்சுட்டா மம்மி. வேற ஊருக்குப் போய்ச் சேந்துட்டா."

"சாப்பாட்டுக்கு என்ன பண்ணா?"

டீனா கடைசிப் பக்கத்தை நினைத்துப் பார்த்தாள். அதில் சூரியன் உதித்திருந்தது. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

"எங்கயாவது வீட்டு வேலைக்குத்தான் போயிருப்பா" என்று சொல்லிவிட்டு டோரீன் எண்ணைத் தட்டினாள்.