அரசாங்கக் கரண்ட் வந்த நேரம்

வதாத் கணினியின் மூடியைக் கழற்றியபோது உள்ளிருந்து வந்த தூசியில் ஒரு கழுதைக்கு மெத்தையே தைத்திருக்கலாம். திரிப்போலி நீதிமன்றத்துக்காக அவள் மொழிபெயர்த்த கல்யாணங்கள், விவாகரத்துகள், பாகப்பிரிவினைச் சண்டைகள் எல்லாம் அந்தக் கிழட்டுப் பெட்டிக்குள்தான். வேறெங்கும் பிரதி கிடையாது. அதைப் போட்டுவிட்டு, காபி குடித்து, பக்கத்துத் தெருத் துக்கத்துக்குப் போய் அழுதுவிட்டு வந்தாலும் திரை விழித்திருக்காது. உள்ளே எல்லாவற்றையும் சேமித்துவைத்த பழைய எஸ்எஸ்டி வட்டு நிரம்பி வழிந்து, இப்போது அடிக்கடி மூர்ச்சை போட்டது.

புதிய வட்டை விற்ற கடைக்காரர் எச்சரித்திருந்தார்: "ஒரே மூச்சுல காப்பி ஆகணும்க்கா. நடுவுல கரண்ட் போச்சுன்னா பழசு எந்திரிக்காது."

வீட்டு யூபிஎஸ் செத்து, பூந்தொட்டிக்குப் பீடமாகிவிட்டது. தெருவே காசு கொடுத்து வாங்கும் ஜெனரேட்டர் கரண்ட்டோ நோஞ்சான். இஸ்திரிப்பெட்டியைக் கண்டாலே மயங்கிவிழும். அவள் ஃப்ரிட்ஜ், ஹீட்டர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, புதிய வட்டை மாட்டிக் காப்பியைத் தொடங்கினாள். ராத்திரியெல்லாம் மொழிபெயர்த்த கண்கள் எரிந்தன.

"பஹீஜ், நான் கொஞ்சம் சாயுறேன். யாரும் எதையும் தொடக்கூடாது."

"என் பொணத்தைத் தாண்டித்தான் தொடணும்," என்று கணவர் மெயின் பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு, கோட்டைக் காவலன்போல் உட்கார்ந்தார்.

எண்பது சதவீதம் தாண்டியபோது தெருவே கூவியது: "வந்துடுச்சு! வந்துடுச்சு!"

அரசாங்கக் கரண்ட்! பெருநாள்கூட அதைவிட அடிக்கடி வரும். வந்ததும் ஓடிப்போய் மெயின் பெட்டியின் கைப்பிடியை ஜெனரேட்டரிலிருந்து அரசாங்கத்துக்குத் தள்ளுவதில் பஹீஜை மிஞ்ச அந்தக் கட்டடத்தில் ஆளில்லை. இன்று ஓடவும் வேண்டியிருக்கவில்லை. புத்திக்கு முன்னால் கை எழுந்தது. தள்ளியது.

இரண்டு கரண்டுக்கும் நடுவே ஒரு கண்ணிமைப்பு இருட்டு. அவ்வளவுதான்.

வதாத் கண்ணைத் திறந்தாள். "பஹீஜ்."

"கரண்ட் வந்துச்சு, வதாத்." கையைக் கைப்பிடியிலிருந்து எடுக்க மறந்து நின்றார். "அரசாங்கக் கரண்ட்டு..."

"பொணத்தைத் தாண்ட வேண்டாம்னு நீயே எந்திரிச்சிட்டியா?"

திட்டுவதற்கு மேற்கொண்டு தெம்பு இல்லை. அவள் எழுந்து கணினியின் முன் குந்தினாள்.

"சரி, வாஷிங் மெஷினைப் போடு. இருக்கிறவரைக்கும் ஓடட்டும்."

அவர் அழுக்குக் கூடையைத் தூக்கினார், போகவில்லை. அவள் கணினியின் பொத்தானை அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது. மேல்வீடு, கீழ்வீடு எங்கும் மெஷின்கள் சுழன்று கட்டடமே நடுங்கியது. விழிக்காத கறுத்த திரையில் அவர்கள் இருவரும் தெரிந்தார்கள், தலைக்கு மேல் சரவிளக்கின் அத்தனை பல்பும் பளீரென்று எரிய.