தகுதி உண்டு

எட்டு என்று பளிச்சென்று தெரிந்ததை மூன்று என்று சொன்னார் பஸ் டிரைவர். அறுபத்தெட்டு வயதில் புதிதாகப் பொய் சொல்லப் பழகுவது சுலபமில்லை, காது மடலெல்லாம் சூடேறிவிட்டது.

"மூணா? நல்லா பாருங்க. மேல ஒரு வட்டம், கீழ ஒரு வட்டம் தெரியலை?" என்றார் டிப்போவின் டாக்டரம்மா. அவருக்கும் எழுபது தாண்டியிருக்கும். அட்டையைக் காட்டிய குச்சி கையில் ஆடிக்கொண்டிருந்தது.

"எட்டு" என்று முனகினார் டிரைவர்.

"அப்படிச் சொல்லுங்க!"

பிள்ளைகள் சேராமல் இழுத்து மூடிய பள்ளிக்கூடத்தின் இரண்டாம் வகுப்பு அறைதான் இப்போது டிப்போவின் பரிசோதனை அறை. டிரைவர் முட்டி இடிக்கக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஓய்வு வயது அறுபதாக இருந்து, அறுபத்தைந்தாகி, போன வருடம் எழுபதானது. அவர் கிட்டே போகப் போக அது நகர்ந்துகொண்டே இருந்தது. டிப்போவில் நாற்பது பஸ், ஓட்டப் பதினாறு பேர். அதில் ஐம்பத்தேழு வயதுக்காரரைத்தான் எல்லோரும் 'சின்னப்பையன்' என்று கூப்பிட்டார்கள். தானாக நின்றால் பென்ஷன் கிடையாது. படுத்த படுக்கையான அம்மாவும் முட்டி தேய்ந்த மனைவியும் அதை நம்பித்தான் இருந்தார்கள். டாக்டரம்மா தகுதியில்லை என்று எழுதினால்தான் விடிவு.

கடைசியில் உண்மையையே சொல்லிவிட்டார்.

"செவ்வாய்க்கிழமை ஆத்துப் பாலத்துல இந்தப் பக்கம் ஏறினது ஞாபகம் இருக்கு டாக்டர். அடுத்து பார்த்தா அந்தப் பக்கம் இறங்கிட்டேன். நடுவுல ஒண்ணுமே இல்லை. கண்ணு திறந்துதான் இருந்தது. வண்டியில நாப்பது பேரு. எனக்குப் பயமா இருக்கு."

பேனா நின்றது. டாக்டரம்மாவின் முகம் வெளிறியது.

"இந்த மாசம் ரெண்டு பேருக்குத் தகுதியில்லைன்னு எழுதினேன். மறுபடி பாருங்கன்னு மேலிடத்துலேர்ந்து திருப்பி அனுப்பிட்டாங்க. நீங்களும் இறங்கிட்டா அந்த ரூட்டே நின்னுடும். டயாலிசிஸுக்குப் போறவங்கள்லாம் என்ன பண்ணுவாங்க, சொல்லுங்க?" ரப்பர் ஸ்டாம்பை எடுத்துக் குத்தினார். 'தகுதி உண்டு.' "நானும் உங்க பஸ்லதான் வீட்டுக்குப் போறேன். முன் சீட்டுல உக்காந்து பேச்சுக் கொடுத்துக்கிட்டே வர்றேன். ஒண்ணும் ஆகாது."

மத்தியானம் சொன்னபடியே ஏறினார். பஸ் முழுக்க நரைத்த தலைகள். இரண்டு ஸ்டாப் வரை டாக்டரம்மாவின் வாய் ஓயவில்லை, தன் மூட்டுவலியின் முழு வரலாற்றையும் சொல்லிக்கொண்டு வந்தார். ஆற்றுக்காற்று உள்ளே புகுந்தது. பாலம் தெரிந்தது.

"டாக்டர்?"

கண்ணாடியில் பார்த்தார். தலை மார்பில் சாய, வாய் லேசாகத் திறந்திருக்க, டாக்டரம்மா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

ஓரங்கட்ட இடமில்லை. பின்னால் லாரி ஹாரன் அடித்தது. உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. பாலத்தின் விளக்குக் கம்பங்களில் வரிசையாக எண் எழுதியிருந்தது. அதைச் சத்தமாகப் படித்துக்கொண்டே போனால் தப்பித்துவிடலாம் என்று தோன்றியது.

"ஒண்ணு," என்றார். "ரெண்டு. மூணு."

பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும். குரல் கணீரென்று வந்தது, கொஞ்சம் தைரியம்கூட வந்தது.

"ஆறு. ஏழு."

"பத்தொம்பது."

கம்பத்தில் பத்தொன்பது என்றுதான் எழுதியிருந்தது. கண்ணாடியில் டாக்டரம்மா அப்படியே தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், அடுத்த ஸ்டாப்பில் இறங்க வேண்டிய கிழவர் ஒருவர், ஒரு கையில் தடியும் மறு கையில் கம்பியுமாக மெல்ல எழுந்து நின்றார்.